‘நானே எல்லாம் பார்க்கிறேன்’: ஒரு கடிதமும் ஒரு மேல்முறையீடும்

(பெரியபாளையத்தில் சிறுதொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த ஊர்ப் பவானி அம்மன் சந்நிதியில் அர்ச்சனைத் தட்டுக்குப் பக்கத்தில் ஃபைல் கட்டை வைத்துக் கும்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வங்கிக் கடனுக்கான ஃபைலாக இருக்கும், கோர்ட் கேஸாக இருக்கும், இப்போதெல்லாம் விசா ஃபைலும் வருகிறது. அம்மன் சந்நிதியில் நமக்குச் சில வசதிகள் உண்டு. ஆடியில் வர முடியாவிட்டால் ஆவணியில் வரலாம். சொன்னதையே பத்துத் தடவை சொல்லலாம். வாய்விட்டு அழலாம். இன்று நான் பேசப்போகிற இடத்தில் இந்த மூன்றும் செல்லாது. அங்கே நாள் தவறினால் கதவு மூடிவிடும். சொன்னதையே சொன்னால் ஒரு வரியில் தள்ளிவிடுவார்கள். அழுவதற்கு ஆளே எதிரில் இருக்கமாட்டார். காகிதம் மட்டும்தான் போகும்.

கம்பெனி நிர்வாகி ஒருவருக்கு அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற அனுமதி கேட்டுப் போட்ட மனு மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதுதான் தலைப்பு. “கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறவனுக்கு இது எதற்கு?” என்று யாராவது நினைக்கலாம். இந்தக் கூட்டத்திலேயே தேர்வாய்கண்டிகையிலிருந்தும் காக்களூரிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். உங்களில் சிலர் வெளிநாட்டுக்கு நேரடியாகச் சரக்கு அனுப்புகிறீர்கள். அங்கே ஒரு குடோன் எடுத்து, ஒரு கம்பெனி பதிவு செய்து, தம்பியையோ மகனையோ அனுப்பி வைத்தவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் பேசுகிறேன்.

நான் வக்கீல் இல்லை. கணக்கும் பதிவேடும் பார்க்கிறவன். எனக்கு இந்த விஷயம் தெரிந்ததற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் பைப்புக்கான பிளாஞ்சும் ஃபிட்டிங்ஸும் செய்கிற கம்பெனி ஒன்று. அண்ணன் தம்பி இருவர். ஹூஸ்டனில் ஒரு துணைக் கம்பெனி தொடங்கினார்கள். இங்கே தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி கம்பெனி மேலாளர்களுக்கான எல்-1ஏ என்ற தற்காலிக விசாவில் அங்கே போனார். சில வருடம் கழித்து, அவருக்குக் கிரீன் கார்டு கேட்டு அந்த அமெரிக்கக் கம்பெனி மனு போட்டது. “அவர் இந்தியாவில் என்ன வேலை பார்த்தார் என்று தாய்க் கம்பெனியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும்” என்று அங்குள்ள வக்கீல் கேட்டார். அண்ணன் என்னிடம் சொன்னார்: “ஆடிட்டர் சார், தம்பியைப் பத்தி நல்லா எழுதிக் குடுங்க.”

நானும் நன்றாகத்தான் எழுதினேன். காலை 6 மணிக்கே ஷெட்டுக்கு வந்துவிடுவார் என்று எழுதினேன். ஃபர்னஸ் சூட்டைத் தானே பார்ப்பார். வாடிக்கையாளர் போனைத் தானே எடுப்பார். விலைப்புள்ளியைத் தானே தயாரிப்பார். அவசரம் என்றால் பெட்டியில் சரக்கு அடுக்கி லாரியில் ஏற்றும்வரை நிற்பார் என்று வரிசையாக எழுதினேன். ‘எல்லா வேலையையும் தானே பார்க்கும் கடும் உழைப்பாளி’ என்று முடித்தேன். அண்ணன் படித்துவிட்டுக் கண் கலங்கினார்.

மறுப்பு உத்தரவு வந்தபோது அதைப் பிரித்துப் படித்தேன். என் வரிகளையே எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். சூடு பார்ப்பது, விலைப்புள்ளி போடுவது, சரக்கு அடுக்குவது எல்லாம் அன்றாட உற்பத்தி வேலை, நிர்வாக வேலை ஆகாது, ஆகவே இவர் நிர்வாகி அல்ல என்று அதிகாரி எழுதியிருந்தார். நான் பாராட்டு என்று எழுதியது அங்கே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு நேர்காணலுக்குப் போனவரை, “விசா இல்லை” என்று சொல்லித் திருப்பி அனுப்புவது வேறு. அந்த முடிவின் மேல் மேல்முறையீடு கிடையாது. மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவுதான். நான் சொல்வது அதற்கு முந்தைய படி. அமெரிக்காவில் இருக்கிற கம்பெனி, அங்குள்ள குடியுரிமை மற்றும் குடிவரவுச் சேவைகள் துறையிடம் ஐ-140 என்ற படிவத்தில் மனு போடுகிறது. அந்த மனு மறுக்கப்பட்டால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு.

இதில் மனுதாரர் கம்பெனிதான். போகிற ஆள் பயனாளி மட்டுமே. மேல்முறையீடு செய்யும் உரிமையும் பொதுவாகக் கம்பெனிக்குத்தான். கம்பெனி “போதும், விட்டுவிடு” என்று சொல்லிவிட்டால், வாழ்க்கை முழுவதும் இதில் தொங்கிக்கொண்டிருக்கிற அந்த மனிதர் தானாக எதுவும் செய்ய முடியாது. சொந்தக் குடும்பக் கம்பெனி என்றால் பரவாயில்லை. பிறர் கம்பெனியில் மேலாளராக இருக்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மனு போடப்படும் பிரிவைப் பற்றி இரண்டு வார்த்தை. பன்னாட்டுக் கம்பெனி தன் ஆளை அமெரிக்காவுக்கு மாற்றிக்கொள்ளும் எல்-1 விசா 1970-இல் வந்தது. அது தற்காலிகம், மேலாளருக்கும் நிர்வாகிக்கும் அதிகபட்சம் 7 வருடம். நிரந்தரக் குடியேற்றத்துக்கான இபி-1சி என்ற வழியை 1990-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் திறந்தது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் சான்று இதற்கு வேண்டியதில்லை என்பதால்தான் பலரும் இதை நாடுகிறார்கள். நிபந்தனைகள் நான்கு. வெளிநாட்டுக் கம்பெனியில் குறிப்பிட்ட 3 வருடத்துக்குள் 1 வருடமாவது மேலாளராகவோ நிர்வாகியாகவோ வேலை பார்த்திருக்க வேண்டும். அமெரிக்காவிலும் அதே தரத்து வேலை இருக்க வேண்டும். இரண்டு கம்பெனிக்கும் தாய்-சேய் உறவோ, கிளை உறவோ, ஒரே உரிமையாளர் என்ற உறவோ இருக்க வேண்டும். அமெரிக்கக் கம்பெனி குறைந்தது 1 வருடமாக உண்மையிலேயே வியாபாரம் செய்திருக்க வேண்டும்.

எல்-1ஏ கிடைத்துவிட்டதே, இதுவும் கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். அந்தத் தம்பியும் அப்படித்தான் நம்பினார். முன்பு கொடுத்த எல்-1ஏ, இந்த மனுவில் அதிகாரியின் கையைக் கட்டாது. இது புது மனு, புதுப் பார்வை.

இப்போது ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற சொல்லுக்கு வருவோம். நம் ஊரில் எக்ஸிக்யூட்டிவ் என்றால் யார்? கழுத்தில் டை, கையில் பை, வெயிலில் பைக்கில் சுற்றுகிற சேல்ஸ் எக்ஸிக்யூட்டிவ். அமெரிக்கச் சட்டத்தில் இதற்கு நேர் எதிர் அர்த்தம். கம்பெனியையோ அதன் பெரும் பகுதியையோ நடத்துகிற நிர்வாகத்துக்கு வழிகாட்டுகிறவர், இலக்கையும் கொள்கையையும் வகுக்கிறவர், பரந்த அளவில் தானே முடிவெடுக்கிறவர், இயக்குநர் குழு அல்லது பங்குதாரரின் மேலோட்டமான மேற்பார்வையில் மட்டுமே இருக்கிறவர். அவர்தான் நிர்வாகி.

மேலாளர் என்பதற்கும் தனி இலக்கணம் உண்டு. ஒரு துறையையோ முக்கியமான ஒரு பணியையோ நடத்த வேண்டும். ஆட்களை மேற்பார்க்கிறார் என்றால், அந்த ஆட்கள் மேற்பார்வையாளராகவோ மேலாளராகவோ பட்டப்படிப்பு தேவைப்படுகிற தொழில்முறைப் பணியாளராகவோ இருக்க வேண்டும். நம் சிப்காட் கணக்கில் சொல்கிறேன். 80 வெல்டர்களை நேரடியாக மேய்க்கிற ஃபோர்மேன் அந்தச் சட்டப்படி மேலாளர் ஆகமாட்டார். நாலு டிசைன் இன்ஜினியர்களுக்குத் தலைவராக இருக்கிறவர் ஆகலாம். எண்பது பெரிதா நாலு பெரிதா என்று நம் மனசு கேட்கும். சட்டம் கேட்பது, அந்த ஆளின் நேரம் பெரும்பாலும் எதில் போகிறது என்பதை.

அடுத்தது பங்கு விவகாரம். இதில் விழுகிறவர்கள் நம் குடும்பக் கம்பெனிக்காரர்கள்தான். இங்கே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என நாலு பேர் பெயரில் பங்கு. அமெரிக்காவில் கம்பெனி பதிவு செய்யும்போது அங்கே கையெழுத்துப் போட யார் இருந்தாரோ அவர் பெயரில் போட்டுவிடுவோம்: மூத்த பிள்ளைக்குப் பாதி, மாப்பிள்ளைக்குப் பாதி. நமக்கு இரண்டும் ஒரே குடும்பம், ஒரே கல்லாப்பெட்டி. அந்த அதிகாரிக்கு இரண்டும் சம்பந்தமில்லாத கம்பெனிகள். பல தனிநபர்கள் சேர்ந்து இரண்டையும் வைத்திருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமானால், அதே நபர்கள் ஏறக்குறைய அதே விகிதத்தில் இரண்டிலும் இருக்க வேண்டும். இரத்த உறவு பங்குப் பதிவேட்டில் ஏறாது.

இங்கிருந்து கம்பெனியே அங்கு முதலீடு செய்தால் இந்தச் சிக்கல் குறையும். அப்போது ரிசர்வ் வங்கி விதிகள் வரும். 2022 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டு முதலீட்டுக்குப் புது விதிகள் நடப்பில் உள்ளன. உங்கள் வங்கி மூலமாக முதலீட்டுக்குத் தனி அடையாள எண் வாங்க வேண்டும். பங்குச் சான்று பெற்றுக் கொடுக்க வேண்டும். ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை டிசம்பர் 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். இதைப் பலர் தண்டச் செலவு என்று நினைக்கிறார்கள். அங்கே “தாய்க் கம்பெனிதான் பணம் போட்டது என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று கேட்கும்போது, இந்தக் காகிதங்கள்தான் பேசும்.

சரி, மனு போட்டாயிற்று, அதிகாரிக்குச் சந்தேகம். உடனே மறுக்காமல் பெரும்பாலும் கூடுதல் ஆதாரம் கேட்டு ஒரு கடிதம் அனுப்புவார். ஆர்எஃப்இ என்று வக்கீல்கள் சொல்வது அதைத்தான். பதில் தர அதிகபட்சம் 12 வாரம். ஒரே தவணையில் எல்லாவற்றையும் தர வேண்டும். பாதியை இப்போது தருகிறேன், மீதி பின்னால் வரும் என்பது நடக்காது. என்னைக் கேட்டால், மேல்முறையீட்டின் பாதித் தலைவிதி இந்தக் கடிதத்துக்கான பதிலில் எழுதப்பட்டுவிடுகிறது. இங்கே வெளிப்படையாகக் கேட்ட ஆதாரத்தைத் தராமல் விட்டுவிட்டு, மறுத்தபின் மேல்முறையீட்டில் கொண்டுபோய் நீட்டினால் ஏற்க மறுக்கலாம். 1988-ஆம் ஆண்டின் சொரியானோ, ஒபைக்பெனா என்ற இரண்டு தீர்ப்புகள் அதற்கு முன்மாதிரி. தமிழில் எழுதிய மஸ்டர் ரோல், வவுச்சர் எது அனுப்பினாலும், மொழிபெயர்த்தவர் கையெழுத்திட்டுச் சான்றளித்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பு கூட வேண்டும். எங்கள் விஷயத்தில் ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டர் தமிழில் இருந்தது. அதை அப்படியே ஜெராக்ஸ் எடுத்து அனுப்பினோம். அனுப்பியும் அனுப்பாத கணக்கு.

மறுப்பு வந்துவிட்டது. இப்போது என்ன?

முதல் வேலை, உத்தரவை மூன்று முறை படிப்பது. கோபம் அடங்க ஒருமுறை, காரணங்களை எண்ண ஒருமுறை, எந்தக் காரணத்துக்கு எந்தக் காகிதம் என்று ஓரத்தில் குறிக்க ஒருமுறை. ஒரு உத்தரவில் மூன்று காரணம் இருந்தால் மூன்றையும் உடைத்தாக வேண்டும். இரண்டை உடைத்து ஒன்றை விட்டாலும் மறுப்பு நிற்கும்.

இரண்டாவது, காலண்டர். உத்தரவு தேதியிலிருந்து 30 நாள். தபாலில் அனுப்பியிருந்தால் 33 நாள். அதற்குள் ஐ-290பி படிவம் போய்ச் சேர வேண்டும். தபால் பெட்டியில் போட்ட நாள் கணக்கில்லை, அவர்கள் கையில் கிடைத்த நாள்தான் கணக்கு. 2024 ஏப்ரல் முதல் அதன் கட்டணம் 800 டாலர். விரிவான வாதத்தை எழுத, படிவம் தாக்கல் செய்தபின் மேலும் 30 நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் மேல்முறையீட்டுக் கெடுவுக்கு நீட்டிப்பு கிடையாது.

மூன்றாவது, எந்த வழி என்று தேர்வது. அந்த ஒரே படிவத்தில் மூன்று வழி இருக்கிறது. புது உண்மை, புது ஆவணம் கைவசம் இருந்தால், மறுத்த அதே அலுவலகத்திடமே ‘வழக்கை மறுபடி திற’ என்று கேட்கலாம். ஆவணம் எல்லாம் சரி, சட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றால் ‘மறுபரிசீலனை செய்’ என்று கேட்கலாம். மூன்றாவது வழி மேல்முறையீடு. அது முதலில் மறுத்த அலுவலகத்துக்கே போகும். அவர்கள் 45 நாளுக்குள் பார்த்து, தவறு என்று தோன்றினால் தாங்களே திருத்தலாம். இல்லாவிட்டால் நிர்வாக மேல்முறையீட்டு அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே ஃபைல் முழுமையாக வந்தபின் 180 நாளுக்குள் முடிப்பது இலக்கு. பொதுவாக நேர் விசாரணை இல்லை. எல்லாம் காகிதத்தில்தான்.

அந்த மேல்முறையீட்டு அலுவலகம் கீழே சொன்னதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முதலிலிருந்து புதிதாகப் பார்க்கும். இது இருபுறமும் கூரான கத்தி. கீழே கவனிக்காத ஒரு ஓட்டையை மேலே கண்டுபிடித்து அதற்காகவும் மறுக்கலாம். பெரும்பாலான மேல்முறையீடுகள் தள்ளுபடியே ஆகின்றன என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு எதற்கு மேல்முறையீடு என்றால், வென்றவர்களும் இருக்கிறார்கள். எப்படி வென்றார்கள் என்று பார்ப்போம்.

2010-இல் வந்த சவாதே தீர்ப்பை எல்லா வக்கீல்களும் எடுத்துக் காட்டுவார்கள். பெயர் நம் நாட்டுப் பெயர்தான். அது சொல்வது, நிரூபிக்கும் பாரம் மனுதாரர் மேல் இருந்தாலும், கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. ‘இது பெரும்பாலும் உண்மையாக இருக்கும்’ என்ற அளவுக்குத் தட்டு சாய்ந்தால் போதும். அதிகாரி அதைவிட அதிகம் கேட்டிருந்தால் அதையே மேல்முறையீட்டுக் காரணமாக வைக்கலாம்.

2016-இல் இசட்-ஏ என்ற எழுத்துகளால் குறிக்கப்படும் ஒரு வழக்கு. அமெரிக்காவில் சிறிய அலுவலகம், தாய்க் கம்பெனி ஜப்பானில். அங்கே ஆள் குறைவு, ஆகவே மேலாளரே எல்லா வேலையும் செய்வார் என்று கீழே மறுத்திருந்தார்கள். மேல்முறையீட்டில் வேறு விதமாகப் பார்த்தார்கள்: ஜப்பானில் உட்கார்ந்து அந்த அமெரிக்க அலுவலகத்துக்காக வேலை செய்கிற ஊழியர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். இதை நம் ஊருக்குத் திருப்பிப் பாருங்கள். ஹூஸ்டனில் நாலு பேர்தான். ஆனால் அவர்களுக்கு வரைபடம் போடுகிறவர், இன்வாய்ஸ் அடிக்கிறவர், தரச்சான்று தயாரிக்கிறவர் எல்லாம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறார்கள். அவர்களின் பெயர் பட்டியல், பிஎஃப் கணக்கு, யார் யாருக்கு எந்த வேலையை அனுப்பினார் என்ற மெயில் இவை இருந்தால், அவர்களும் அந்த மேலாளருக்குத் துணைநிற்கும் ஆட்கள்தான். 1990-ஆம் ஆண்டுச் சட்டமே, ஆள் எண்ணிக்கையைப் பார்க்கும்போது அந்தக் கம்பெனியின் நோக்கத்தையும் வளர்ச்சி நிலையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறது.

2017 நவம்பரில் ஜி என்ற வழக்கு. ஆட்களை நடத்தாமல், ஒரு பணியை நடத்துகிற மேலாளரைப் பற்றியது. அந்தப் பணி தெளிவாக வரையறுக்கப்பட்டதா, கம்பெனிக்கு உயிரானதா, அவர் அதை நடத்துகிறாரா இல்லை தானே செய்கிறாரா, உயர்ந்த நிலையில் இருக்கிறாரா, அன்றாட முடிவு அவர் கையில் இருக்கிறதா என்று ஐந்து கேள்விகள். மூன்றாவது கேள்வியில்தான் என் கடிதம் செத்தது.

இதற்கெல்லாம் வெளியே இன்னும் இரண்டு வழி. ஒன்று, அங்குள்ள கூட்டாட்சி நீதிமன்றம். செலவு பெரிது. ஆனால் 2024 ஜூனில் லோப்பர் பிரைட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சட்டத்துக்கு அர்த்தம் சொல்வது நீதிபதியின் வேலை, துறை சொன்ன அர்த்தத்துக்குத் தலையாட்ட வேண்டியதில்லை என்றது. அதன்பின் அந்த வழிக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. இன்னொன்று, புது மனு. குறை நிஜமானதாக இருந்தால், சண்டையை விட்டுவிட்டுக் குறையைத் திருத்திப் புதிதாகப் போடுவதே பல நேரம் புத்திசாலித்தனம். ஏனென்றால் மனு போட்ட நாளில் தகுதி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். மறுத்தபின் இரண்டு ஆளை வேலைக்குச் சேர்த்துவிட்டு, ‘இப்போது சரியாகிவிட்டது பாருங்கள்’ என்று பழைய மனுவை ஒட்டுப்போட முடியாது.

புது மனுவுக்கு ஒரு விலை உண்டு: வரிசையில் இடம் போய்விடும். இபி-1சி அடங்கிய முதல் பிரிவு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 40,000 விசா, மனைவி மக்களையும் சேர்த்து. எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதம் என்ற உச்சவரம்பு. 2025-இன் பெரும்பகுதியில் இந்தியர்களுக்கு முறை வந்த மனுத் தேதி 2022 பிப்ரவரியிலேயே நின்றது. மறுக்கப்பட்ட மனுவின் தேதியைப் புது மனுவுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பிள்ளைக்கு, பெற்றோரோடு சேர்ந்து போகும் தகுதி முடிகிற 21 வயது நெருங்குகிற வீட்டில் இது வெறும் கணக்கு இல்லை. இன்னொரு எச்சரிக்கை: மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்பதாலேயே அங்கே தங்கியிருக்கும் உரிமை வந்துவிடாது. எல்-1ஏ முடிகிற நாளைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

எங்கள் தம்பி கதைக்கு வருகிறேன். மேல்முறையீடு செய்தோம். புதுக் கடிதம் ஒன்று எழுதி, “அவர் உண்மையில் கொள்கை வகுப்பவர்” என்று சொன்னோம். பழைய கடிதத்துக்கும் புதுக் கடிதத்துக்கும் முரண். முரண்பட்டால், வெளியிலிருந்து வந்த நடுநிலையான ஆதாரத்தால்தான் தீர்க்க வேண்டும் என்பது 1988-லிருந்தே அவர்கள் பின்பற்றும் நெறி. எங்களிடம் இருந்தது என் பேனா மட்டும்தான். தள்ளுபடி. எல்-1ஏ காலமும் முடியும் தறுவாய். குடும்பத்தோடு ஊர் திரும்பினார்.

யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. அவர் உண்மையிலேயே எல்லா வேலையையும் தானே செய்தவர். நம் ஊரில் முதலாளி என்றால் கையில் கிரீஸ் ஒட்டியிருக்க வேண்டும். அதில்தான் மரியாதை. ஆபரேட்டர் வராத நாளில் தானே லேத்தில் நிற்பார். அந்தக் குணத்தால்தான் ஷெட் வைத்தவன் கம்பெனி வைத்தான். அதே குணம் ஒரு கட்டத்துக்கு மேல் கம்பெனியை வளரவிடாது என்பது எனக்கு அந்த மறுப்பு உத்தரவைப் படித்த பிறகுதான் உறைத்தது. அதை எழுதிய அதிகாரி நம் தொழிற்சாலையைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டிருந்தார்: இவர் இல்லாவிட்டால் இங்கே யார் முடிவெடுப்பார்?

திரும்பி வந்தவர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். உற்பத்திக்கு ஒரு மேலாளர், கொள்முதலுக்கு ஒருவர், தரத்துக்கு ஒரு இன்ஜினியர். யார் எத்தனை ரூபாய் வரை கையெழுத்துப் போடலாம் என்று இயக்குநர் குழுத் தீர்மானம். மாதம் ஒரு கூட்டம், அதற்கு நிகழ்ச்சிக் குறிப்பு. முதல் ஆறு மாதம் அவரால் இருக்க முடியவில்லை. சாயங்காலம் ஏதாவது சாக்குச் சொல்லி ஷாப் ஃப்ளோருக்குப் போய்விடுவார். மேலாளர் என்னிடம் புகார் சொல்வார்.

ஒன்றரை வருடம் கழித்து, புது மனுவுக்காக மறுபடி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். இந்த முறை பாராட்டு ஒன்றுமில்லை. எந்த முடிவு, எந்தத் தேதி, எந்தத் தீர்மானம், வாரத்தில் எத்தனை மணி நேரம் எதற்கு என்று வறட்டுக் கணக்கு. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இணைப்பு எண். படித்துவிட்டு, “என்ன சார், நான் சும்மா உக்காந்திருந்த மாதிரி இருக்கு” என்றார்.

இணைப்புக்காகச் சரக்கு வெளியேறும் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு மாதத்துப் பக்கங்களைப் புரட்டினார். லாரி எண், பெட்டி எண், தேதி, கையெழுத்து. எல்லாக் கையெழுத்தும் வேறு யாருடையதோ. முன்பெல்லாம் பக்கத்துக்குப் பத்து இடத்தில் அவர் பெயர் இருக்கும். கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்டிப் பார்த்தார். எங்கும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார்: “ஜெராக்ஸ் எடுத்துக்குங்க சார்.”